கைகளுக்கு வெளிச்சம்

"ரோட்டுக்கு இந்த பல்பே போதுமேண்ணே," என்றான் பைக் மெக்கானிக்.

"ரோட்டுக்கு இல்லப்பா. நீ எல்இடியே மாட்டு. இன்ஜினை நிறுத்தினாலும் எரியணும்," என்றான் சுடலைமுத்து.

அவன் மனைவி காந்திமதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கைகளால்தான். தையல் கம்பெனியிலிருந்து அவளை அழைத்துவரும்போதே இருட்டிவிடும். வழியில் வண்டியை நிறுத்தினால் பழைய மஞ்சள் பல்பு மங்கிவிடும், விரல்கள் தெரியாது. வீட்டுக்குப் போனாலோ சமையல், அசதி. சொல்ல வந்ததெல்லாம் அவளுக்குள்ளேயே தூங்கிப்போகும்.

அன்று குளத்துக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டுக்கு முன்னால் போய் நின்றான். வெள்ளை வெளிச்சத்தில் கைகளை உயர்த்தி, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டான். காந்திமதி இறங்கி வந்து, அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே வெளிச்சத்தில் நின்றாள். சூப்பர்வைசர் நடப்பதை நடித்துக் காட்டினாள். சுடலைமுத்து எப்போதோ மறந்துபோன ஒரு சண்டையை மறுபடி எடுத்தாள். பின்னாலிருந்த புளியமரத்தில் அவள் விரல்களின் நிழல் கிளைகளைவிடப் பெரிதாக அசைந்தது.

அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் வேகத்தைக் குறைத்தார். "என்ன தம்பி, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லண்ணே," என்றான் சுடலைமுத்து, அவள் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசிக்கிட்டு இருக்கோம்."