வெர்டெல்லின் இடம்

“கணக்குத் தேர்வு ரெண்டாவது தடவையும் போச்சு. இனிமே என்னால ஆகாது” என்று புத்தகத்தை மூடினாள் கெட்டூரா.

“எனக்கும்தான் ரெண்டாவது தடவையும் போச்சு. நான் மூடினேனா? திற” என்றாள் வெர்டெல்.

பக்கத்தில் மாய் யேர் தன் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவளுக்கு இது முதல் தோல்வி.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் வடக்குப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் மூவரும் வகுப்பு உதவியாளர்கள். அங்கே படிப்பது கறுப்பினப் பிள்ளைகள், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய ஹ்மோங் வீட்டுப் பிள்ளைகள். பாடம் எடுப்பவர்களோ இரண்டு பேர் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.

இப்படிப்பட்ட உதவியாளர்களை ஆசிரியர்களாக்க ஒரு திட்டம் வந்திருந்தது. பள்ளிக்குச் சில இடங்கள்தான். கல்லூரிச் செலவைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். ஆசிரியர் உரிமத் தேர்வின் கணக்குத் தாளை மட்டும் அவரவர்தான் தாண்ட வேண்டும். மூன்று தடவை தவறினால் இடம் போய்விடும், பிரின்சிபால் மனசு வைத்து எழுதிக்கொடுத்தால் தவிர.

“கிடங்குல வேலை இருக்கு, மிஸ் வெர்டெல். அங்கே யாரும் பின்னம் கேக்க மாட்டாங்க.”

“ரெண்டாம் கிளாஸ்ல கேப்பாங்க. நேத்து டெவான்டே உன்கிட்ட என்ன கேட்டான்?”

கெட்டூரா தலையைக் குனிந்துகொண்டாள். “நீ எப்போ நிஜ டீச்சர் ஆவேன்னு.”

“அவனுக்கு ஒரு பதில் சொல்லிட்டுக் கிடங்குக்குப் போ.”

கெட்டூரா புத்தகத்தைத் திறந்தாள்.

அதற்கப்புறம் அவள் மூடவே இல்லை. பஸ்ஸில் கணக்கு, சாப்பாட்டு இடைவேளையில் காகிதக் கைக்குட்டையில் கணக்கு. ஏப்ரல் வரை பனி கொட்டியது. ஒரு சனிக்கிழமைகூட மூவரும் நூலகத்துக்கு வராமல் இருந்ததில்லை.

மாய் யேருக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“நூலகத்துல எல்லாக் கணக்கையும் வெர்டெல் கண்ணை மூடிக்கிட்டுப் போடுறாங்க. தேர்வுக்குப் போனா கோட்டை விடுறாங்க. அதென்ன?” என்றாள் ஒருநாள் பஸ்ஸில்.

“பயம்தான். அந்த ரூமுக்குள்ளே போனா எனக்கும் தெரிஞ்ச கணக்குகூட மறந்துடுது” என்றாள் கெட்டூரா.

“பயப்படுறவங்க இடத்தை விட்டுடணும். எங்க பா ஹுவாவும் உதவியாளர்தான், திட்டத்துல சேர ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கா. பாதி கிளாஸுக்கு ஹ்மோங் அம்மாக்கள் பேசறதை அவதான் இங்கிலீஷ்ல சொல்றா. அவளுக்கு இடம் இல்லை.”

மே மாதம் தேர்வு. வெர்டெல்தான் தன் காரில் இருவரையும் கூட்டிப்போனாள். “எனக்கு மத்தியானம்தான் நேரம் குடுத்திருக்காங்க. நீங்க போங்க. கெட்டூரா, தெரியாத கணக்குல நின்னுடாதே கண்ணு, அடுத்ததுக்குப் போ” என்று வழியனுப்பினாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.

கெட்டூரா தேறிவிட்டாள். பள்ளித் தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாய் யேரும் தேறிவிட்டாள்.

“எனக்கு ரெண்டு மார்க்ல போச்சு” என்றாள் வெர்டெல். சொல்லிவிட்டு இருவரையும் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

மாய் யேருக்குச் சிரிப்பு வரவில்லை. வெர்டெல் போனதும் கெட்டூராவைத் தனியே இழுத்தாள்.

“மூணு தடவை ஆச்சு. இருந்தாலும் பாரு, பிரின்சிபால் ஸ்ட்ரவுட் இன்னொரு தடவை எழுதிக்குடுத்துடுவார். அவரும் வெர்டெல்லும் ஒரே சர்ச். இப்பவே போய்ப் பேசணும்.”

“மிஸ் வெர்டெல்லுக்கு எதிரா நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“திறக்க வேண்டாம். சும்மா வந்து நில்லு.”

பிரின்சிபால் ஸ்ட்ரவுட் இருவருக்கும் கை கொடுத்து உட்காரச் சொன்னார். மாய் யேர் நின்றபடியே பேசினாள்.

“சார், வெர்டெல் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா அவங்களால இது முடியாது. அவங்க இடத்தைப் பா ஹுவாவுக்குக் குடுங்க.”

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

“நீங்க ரெண்டு பேரும் பாஸாயிட்டீங்க. இனி சொல்லலாம். வெர்டெல் போன வருஷமே பாஸ். முதல் தடவையிலேயே.”

கெட்டூரா நிமிர்ந்தாள். “எனக்கு முதல் தடவை போச்சே, அந்தத் தேர்விலேயா?”

“அதே தேர்வுதான். அப்புறம் மூணு வாரம் யார் போன் பண்ணினாலும் நீங்க எடுக்கலை. ‘பாஸானவ போய்த் தட்டினா அந்தப் பொண்ணு கதவைத் திறக்க மாட்டா, ஃபெயிலானவளுக்குத் திறப்பா’ன்னு வெர்டெல் சொன்னாங்க.”

“திறந்தேன்” என்றாள் கெட்டூரா.

“கல்லூரிப் படிப்பும் முடிஞ்சிருந்ததால, அஞ்சாம் வகுப்பை அவங்களுக்குன்னு போன செப்டம்பர்லயே குடுத்தேன். டீச்சராயிட்டா அந்தப் பொய் நிக்காதுன்னு வேண்டாம்னுட்டாங்க. இன்னொரு வருஷம் உதவியாளராவே இருந்தாங்க. வர்ற ஆகஸ்ட்ல டீச்சரா சேர்றாங்க.”

மாய் யேர் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்போ திட்டத்துல அவங்க இடம்?”

“அது போன வருஷமே காலியாயிடுச்சு, மாய் யேர். அதுலதான் உங்களைச் சேர்த்தோம்.”