ஒருமையில் பேசினாள்

"ஏய் சுந்தரி! வாயைத் தொறடி. எம்மா நேரம் நான் கிண்ணத்தைத் தூக்கிகினு நிக்கிறது?"

கதவுக்கு வெளியே நின்றிருந்த மிருதுளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதியோர் இல்லங்களை ஆய்வு செய்கிற அதிகாரி அவள். கூடுவாஞ்சேரியில் இருக்கிற இந்த இல்லத்தைக் காலையிலிருந்து மூலை முடுக்கு விடாமல் பார்த்தாயிற்று. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. தீயணைப்பான் இருக்கிறது. மாத்திரைகளை ஆளாளுக்குப் பெயர் எழுதி ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். சாம்பாரைக்கூட ஒரு வாய் ருசி பார்த்துவிட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று கிளம்பப் போன நேரத்தில்தான் இந்த 'டி'.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் எண்பது வயசு அம்மா ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இட்லிக் கிண்ணத்தோடு ஐம்பதைத் தாண்டிய ஆயா. அதிகாரியைப் பார்த்ததும் ஆயா விருட்டென்று எழுந்து நின்றாள்.

"இவங்க யாரு சார்?" பின்னாலேயே வந்த மேனேஜர் ஜெயகிருஷ்ணனைக் கேட்டாள் மிருதுளா.

"சுந்தரவல்லி மேடம். தாம்பரத்துல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க."

அவ்வளவுதான், மிருதுளாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பேர் என்ன?"

"பச்சையம்மா, மேடம்."

"இப்ப இவங்களை என்னன்னு கூப்பிட்டே?"

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் வயசு என்ன, அவங்க வயசு என்ன? எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க! அவங்களைப் போய் வாடி போடின்னு பேசறே. உன் வீட்டுப் பெரியவங்களையும் இப்படித்தான் கூப்பிடுவியா?"

பச்சையம்மா ஒரே ஒரு தடவை கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் மிருதுளா கையிலிருந்த ஃபைலைத் திறந்தாள். ஐயோ பாவம், எவ்வளவு பயந்துபோயிருந்தால் இப்படித் திரும்பிக்கொள்வார்! குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவளைப் பகைத்துக்கொண்டு இங்கே ஒரு நாள் ஓட்ட முடியுமா?

"அடிச்சாத்தான் கொடுமையா சார்? இதுவும் கொடுமைதான். லைசென்ஸ் ரெனியூ பண்ற நேரத்துல இப்படி ஆளை வச்சிருக்கீங்களே. இதை எழுதாம நான் விடமாட்டேன்."

ஜெயகிருஷ்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"மேடம், இவங்க பையன்கூட போன தடவை வந்தப்ப காதால கேட்டுட்டுக் குதிகுதின்னு குதிச்சாரு. அப்பவே கூப்பிட்டு எச்சரிச்சேன். திருந்தலையே!" என்றவர் ஆயா பக்கம் திரும்பினார். "பச்சையம்மா, இன்னையோட நீ நின்னுக்கோ. நாளைக்கு இந்த வாசப்படி ஏறாதே."

"சார்... வூட்ல பொண்ணு புள்ளையப் பெத்துகினு வந்து கீறா சார். இந்த நேரத்துல நிறுத்திப்புட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"அதை வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் மாட்டியிருந்த பையை எடுத்தாள்.

"அதுக்கு இட்லி ஆறிப்போனா எறங்காது. சூடா கீறப்பவே யாரையாவது ஊட்டிவுட சொல்லு சார்."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள்.

"நில்லு பச்சையம்மா!"

கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது. பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். ஜெயகிருஷ்ணன்கூட ஒரு கணம் விறைத்து நின்றார்.

மிருதுளா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க டீச்சர். என்ன நடந்துச்சுன்னு தைரியமா சொல்லுங்க. இவளால உங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

"பயமா? எனக்கு வெட்கமா இருக்கும்மா."

"வெட்கமா?"

"அவளை அப்படிக் கூப்பிடச் சொன்னதே நான்தான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன். அதனாலதான் நீங்க அவ்வளவு திட்டியும் வாயைத் திறக்காம நிக்கிறா."

மிருதுளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயகிருஷ்ணனைப் பார்த்தாள். அவரும் முழித்தார்.

"மாட்டவே மாட்டேன்னுதான் சொன்னா. உங்களைப் போயி எப்படிக் கூப்பிடுவேன்னு அழுதா. நான்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பழக்கினேன்."

"ஆனா எதுக்கு டீச்சர்? உங்களுக்கு மரியாதை தர்றதுக்கு இங்க யாருக்குமே..."

"மரியாதைக்கு என்னம்மா குறை? இவருக்கு நான் மேடம். உங்களுக்கு டீச்சர். என் பையன் ஃபோன் பண்ணினா 'சாப்பிட்டீங்களாம்மா, தூங்கினீங்களாம்மா'ங்கறான். அவன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பேசாம இருந்துட்டேன்."

சுந்தரவல்லிக்கு மூச்சு வாங்கியது. பச்சையம்மா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து நெஞ்சை நீவிவிட்டாள். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுந்தரவல்லி சொன்னார்:

"'அடியே சுந்தரி'ன்னு என்னைக் கூப்பிட எங்கம்மா இருந்தாங்க, அக்கா இருந்தா, எங்க வீட்டுக்காரர் இருந்தார். என்கூடப் படிச்ச ஈவ்லின் இருந்தா, அவளும் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா. இவளையும் அனுப்பிட்டீங்கன்னா, அப்புறம் நான் யாருக்கும்மா சுந்தரி?"