முகம் பார்த்துத் திறக்கும் கதவு

அலுவலகத்தில் மேலாளரின் கைபேசி அலறியது. போன வருடம் அவர் வீட்டில் மாட்டிய, முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு எச்சரித்தது: 'வாசலில் அந்நியர்.'

"தண்டச் செலவுன்னு சொன்னீங்களே, பாருங்க," என்று கணக்காளரிடம் திரையைக் காட்டினார்.

தலையில் துணி சுற்றிய, கன்னம் ஒட்டிப்போன ஒரு பெண் பூட்டின் முன்னால் முகத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கதவு அசைந்துகொடுக்கவில்லை.

"வீட்ல யாரும் இல்லையா சார்?"

"மனைவி மூணு மாசமா அவங்கம்மா வீட்ல. ஆளில்லாத வீட்டுக்கு இதுதான் காவல்."

மேலாளர் கைபேசியிலேயே அதட்டினார். "யாரும்மா நீ? மரியாதையா போயிடு. போலீஸைக் கூப்பிடுவேன்."

அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாங்க. சிகிச்சை முடிஞ்சிருச்சு. சொல்லாம வந்து நிக்கலாம்னு நினைச்சேன்."

குரலைக் கேட்டதும் மேலாளர் எழுந்துவிட்டார். அம்மா வீட்டில் தங்கி மனைவி சிகிச்சை பெற்ற புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் போக அவருக்குத் தெம்பில்லை. இத்தனை நாளும் போனில் பேசியதோடு சரி. திரையில் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது.

அவள் உள்ளே போகவில்லை.

"இந்தப் பூட்டுல முதல்ல பதிஞ்சதே என் முகம்தான். அதுக்கு அடையாளம் தெரியல, சரி, அது மெஷின்," என்றாள். "உங்களுக்குமாங்க தெரியல?"