கிரகணத்தன்று அம்மாவின் நாடி

அம்மாவின் இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவிக்கு பேட்டரி கிடையாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களில்தான் அது ஓடுகிறது. அதனால் முழுச் சூரிய கிரகணத்தன்று காலையிலேயே அவள் படுத்துவிட்டாள்.

"நிலா மறைச்சா எனக்குக் கரண்டு போயிரும். சங்கிலி அரிசிப் பானைக்குள்ள இருக்குடி."

"அம்மா, சூரியனுக்குள்ள புரோட்டான் நியூட்ரானா மாறும்போது பிறக்கிறது அது. எதையும் துளைச்சு வந்துரும்."

"படிச்ச திமிர்ல பேசாத."

"ராத்திரியெல்லாம் பூமியே குறுக்க நிக்குதே. காலையில எழுந்து காபி கேக்கலையா நீ?"

நிலா சூரியனை மறைத்து இருட்டியபோது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். நாடி ஒருமுறைகூடத் தவறவில்லை. வெளிச்சம் திரும்பியதும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

அம்மா தினமும் காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிடுபவள். அன்று மாலை சூரியன் அஸ்தமித்த பிறகு, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"ராத்திரி முழுக்கக் கீழயிருந்து கரண்டு குடுக்கிறாரே. இத்தனை நாளா நான் கும்பிடவே இல்லையே."