ஜன்னல் பக்கப் படுக்கை

அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு விரல் விடாமல் நீவிவிட்டான் க்ளென். கைகள் ஜில்லென்றிருந்தன. பாதி முகத்தை ஆக்ஸிஜன் மாஸ்க் மறைத்திருந்தது. மீதிப் பாதி எலும்பும் தோலுமாக இருந்தது.

பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெர்த்திலிருந்து டாஸ்மேனியா வர ஒரு பகல் போதும். அவனுக்குத்தான் மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதோடு சரி. இப்போது மன்னிப்புக் கேட்க வாய் வராமல், வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் அடித்தது. தங்கை ஷெரில்.

"போய்ச் சேர்ந்துட்டியா? அஞ்சாம் நம்பர் ரூம், ஜன்னல் பக்கப் படுக்கை. கடல் தெரியும்."

"பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். மூச்சு நின்னா மிஷின் வேணாம்னு இவர்கிட்ட கையெழுத்து வாங்கினது யாரு, நீயா?"

"அவரே யோசிச்சு எடுத்த முடிவு. கத்தாதே."

"யோசிச்சாரா! இவர் இருக்கிற இருப்புக்குத் தன் பேரையே சொல்ல மாட்டாரு."

"ஆமா, அப்பாவைப் பத்தி உனக்குத்தானே எல்லாம் தெரியும்!" வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டாக்டர் உள்ளே வந்தார். க்ளென் பிடித்த கையை விடாமல் எழுந்து நின்றான். உள்ளே உறுத்தல் இருந்தால் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.

"மெர்வ் டாக்கின்ஸோட மூத்த பையன் நான். அவர் போட்ட கையெழுத்து செல்லாது. புத்தி தெளிவா இல்லேன்னா குடும்பம்தானே முடிவு பண்ணணும்?"

"அவர் தெளிவா இருக்காரே!" என்றார் டாக்டர். "தெளிவா இருக்கிறவர் முடிவு நமக்குப் பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சாலும், அதை மாத்த யாருக்கும் உரிமை இல்ல. பெத்த பிள்ளைக்கும்தான்."

"எங்கப்பாவை எனக்குத் தெரியாதா? உருளைக்கிழங்கு தோண்டுற மிஷின்ல விரல் போனப்பகூட, துணியைச் சுத்திக்கிட்டு அந்த வரிசையை முடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. லேசுல விடற ஆள் இல்ல. மிஷின் வைங்க. கண்ணையே திறக்காத இந்த மனுஷனா தெளிவா முடிவெடுத்தாரு?"

டாக்டர் படுக்கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அறையின் நடுவே தொங்கிய திரையை மெல்ல இழுத்தார்.

அந்தப் பக்கம் இன்னொரு படுக்கை. தலையணைகளில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். டீக் கோப்பையைப் பிடித்திருந்த கையில் நான்கே விரல்கள்.

"கடலைப் பார்த்துட்டே போகட்டும்னுதான் நேத்து ஜன்னலை அவருக்கு விட்டுக்குடுத்தேன்" என்றார், மூச்சு வாங்க.

"அவரையாவது நிம்மதியா போக விடுடா, க்ளென்."