பூசினது தெரியக் கூடா

மகள் கலியாணம் முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உம்மாக்காரி தன் முகத்துக்குப் பூசக் கிரீம் கேட்டு வந்து நின்றால், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருமா, வராதா?

சுல்பிகாவுக்கு வந்தது.

அவளுடைய முற்றத்தில்தான் அன்றைக்குப் புண்ணியமூர்த்தி சைக்கிளைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்திருந்தான். பாண்டிருப்பிலிருந்து மாதம் ஒரு தடவை சாய்ந்தமருதுக்கு வருகிற வியாபாரி. காப்பு, சீப்பு, பவுடர், ஸ்நோ எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள் நாச்சியா. வயது ஐம்பது. அடுப்பும் வெயிலும் மாறி மாறி வாட்டிய முகம்.

"தம்பி, வெயிலுக்குப் பூசுற கிரீம் ஏதும் இருக்கா?"

"ஆருக்கு அக்கா?"

நாச்சியா கொஞ்சம் தயங்கினாள். "எனக்குத்தான்."

பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புண்ணியமூர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து நீட்டினான். "இது கொழும்புப் பொம்புளையள் பூசுற ஸ்நோ. ரோசாப்பூ வாசம்."

நாச்சியா மோந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள். "வாசம் இருக்கக் கூடா தம்பி."

இப்படி ஒருத்தி சொல்லி அவன் கேட்டதே இல்லை. வேறொன்றைத் திறந்தான். நாச்சியா அதைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"எண்ணை மாதிரிப் பிசுபிசுக்குது. வேர்த்தாக் கண்ணுக்குள்ள வழிஞ்சு எரியும். மெல்லிசாத் தா."

"உங்கட தோல் எப்படி அக்கா? எண்ணைத் தோலா, வறட்டுத் தோலா?"

"மெல்லிய தோல் தம்பி. வெயில் பட்டாச் செவந்து போகும். பிறகு உரியும்."

சுல்பிகாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உங்கட தோலா ராத்தா? வருஷம் வருஷம் உச்சி வெயிலுக்குள்ள நெல்லுக் காயப் போடுறீங்க. ஒரு நாளும் செவந்ததக் காணல்லையே!"

முற்றமே சிரித்தது. நாச்சியா காதில் வாங்காதவள் போலப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புண்ணியமூர்த்தி அடியில் கையை விட்டு ஒரு டின்னை எடுத்தான். "இங்கினியாகலையில அணை கட்ட வந்த வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பூசினதாம். வாசமும் இல்ல, பிசுக்கும் இல்ல. பெரிய டின் மூணு ரூபா. சின்னது ஒண்டேகால்."

நாச்சியா துளி எடுத்து முழங்கையில் தேய்த்தாள். சுல்பிகாவின் வீட்டுச் செம்பை வாங்கி அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள். வெயிலில் போய் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூசினது தெரியுதா புள்ள?"

"தெரியல்ல ராத்தா."

"அப்ப இதான் வேணும். பூசினது ஆருக்கும் தெரியக் கூடா."

"தெரியாட்டிப் பிறகு எதுக்குப் பூசுற?" என்றாள் சுல்பிகா.

"காக்காவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமாக்கும்!" என்று நாச்சியாவின் புருசனைச் சொல்லிக் கைருன்னிஸா எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பு தெருமுனைக்கே கேட்டிருக்கும். நாச்சியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். சின்ன டின்னை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சுல்பிகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிரீம் பூசிய நாச்சியாவைப் பார்த்தே ஆகவேண்டும். மா அரிக்க இரவல் வாங்கிய அரிதட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் போனாள்.

நாச்சியா அடுப்படியில் குந்தியிருந்தாள். கன்னத்தில் கரிதான் இருந்தது.

"என்ன ராத்தா, இன்னும் பூசல்லையா?"

நாச்சியா உதட்டில் விரலை வைத்தாள். அறைக்குள்ளிருந்து அவள் மகள் லைலாவின் குரல் கேட்டது.

"அசையாம இருங்களன். காதுக்குப் பின்னால இன்னும் பூசல்ல."

கதவு ஒருக்களித்திருந்தது. சுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

புது மாப்பிள்ளை மசூர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தான். மூக்கும் பிடரியும் சிவந்து, தோல் தாள் தாளாக உரிந்துகொண்டிருந்தது. மருதமுனைப் பையன். சின்ன வயதிலிருந்து தறிக்குடிலின் நிழலில் உட்கார்ந்து சேலை நெய்தவன். கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்த பிறகு, மாமனாரோடு கடற்கரையில் கரைவலை இழுக்கிறான். இந்த இரண்டு மூன்று மாத வெயில் அவனை அப்படி ஆக்கியிருந்தது.

சுல்பிகா சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பி வந்தாள்.

"மருமகனுக்கா வாங்கினீங்க? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்க அப்படிச் சிரிச்சிருக்க மாட்டமே ராத்தா!"

"எனக்கென்ன, நீங்க சிரிச்சா நானும் சேந்து சிரிச்சிட்டு வந்திருவன். அவருக்கெண்டு தெரிஞ்சா அந்தக் கதை கரைவலையடிக்குப் போயிருமே புள்ள." நாச்சியா குரலைத் தாழ்த்தினாள். "இப்பவே அங்க அவர 'உரிச்ச கிழங்கு' எண்டுதான் கூப்புடுறாங்களாம். தறிக்கே திரும்பிப் போகப்போறன் எண்டு மகளுக்கிட்ட அழுதிருக்கார்."

சுல்பிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வந்த மாப்புளைக்கு இப்படிப் பேர் வைக்கிறதா? ஆரு ராத்தா அந்த ஈவிரக்கமில்லாதவன்?"

நாச்சியா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். சிரித்தாள்.

"உன்ட புருசன் ஆதம்பாவாதான் புள்ள. இரி, தேத்தண்ணி ஊத்துறன், குடிச்சிட்டுப் போ."