சிமெண்டு மூடி

"நெஜத்த சொல்லுடி. உள்ள இன்னா போட்ட?"

"எங்கம்மா மேல சத்தியமா ஒண்ணும் போடல மாமா. எத்தினி வாட்டி கேப்ப?"

"போடாமயா இந்த கதி ஆச்சி?"

புளி வாங்க வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்த பாஷா வாசலிலேயே நின்றுவிட்டார். சோற்றில் எதையோ கலந்துவிட்ட தகராறு மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும்போதே வீட்டுக்காரர் சின்னதம்பி கடப்பாறையோடு வெளியே வந்தார்.

"நில்லுங்க பாய். உங்கள இல்ல. கக்கூசு அடச்சிக்கிச்சி."

மலைமேல் சர்க்காரில் தொகுப்பு வீடுகளைக் கட்டிக் கொடுத்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு கக்கூசும் கட்டியிருந்தார்கள். ஒருவரும் அதில் போனதில்லை. சுற்றிலும் காடு இருக்கும்போது நாலு சுவருக்குள் எவன் போய் உட்காருவான் என்று சிலர் ஆடு கட்டினார்கள், சிலர் விறகு அடுக்கினார்கள். சின்னதம்பி வீட்டில் புளி மூட்டையும், அவர் பெண்டாட்டி செல்லி கட்டி வைக்கும் சாமை உமியும் இருந்தன.

அறுப்பு சமயத்தில் செல்லி பாறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். கட்டு கட்டியும் சரியாகவில்லை. காட்டுப் பக்கம் நடக்கவே முடியாது. மூட்டையை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டு, கக்கூசைக் கழுவி, சின்னதம்பிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஊற்றின தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி நின்றது.

ஆலங்காயத்தில் இருக்கும் செல்லியின் அண்ணன் கருப்பன் ஆள் அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் கக்கூசு உண்டு. நாளைக்குக் காலையில் ஜீப்போடு வருகிறேன், தங்கச்சியை என்னோடு அனுப்பிவிடு என்று சொல்லியிருந்தார். இறங்கினால் மறுபடி மலை ஏற மாட்டோம் என்று செல்லிக்குப் பயம். நிலத்தையும் ஆட்டையும் விட்டுவிட்டு சின்னதம்பி கூடப் போகவும் முடியாது.

"எம்புளிய கக்கூசுலயா வெச்சிருந்த?" என்றார் பாஷா.

"அப்ப அதுல யாரு பாய் போனா? எங்க வூட்லயே அதான் சுத்தமான எடம்."

உள்ளே கட்டிலில் கிடந்த செல்லி சிரித்துவிட்டாள். சின்னதம்பி சிரிக்கவில்லை. "இவதான் பாய் உமிய கொட்டி அடச்சிட்டா."

"அடச்சா எடுத்துக்கலாம்பா. எங்க வூட்லயும் ஒரு வாட்டி இப்படி ஆச்சி. எல்லாம் போய் சேர்ற தொட்டிக்கு மேல, குழாய குத்தி வுட ஒரு வாய் வெச்சி சிமெண்டு மூடி போட்டிருப்பாங்க. அது எங்க?"

"கட்டி முடிச்சப்ப பாத்தேன். அளக்க வந்த ஆபிசரு அதும்மேல ஏறி நின்னாரு. இப்ப எங்கன்னு தெரியலியே."

"குழாய் பின் சுவத்து வழியாதான் வெளிய வரும். அதுக்கு நேரா தட்டிக்கினே போ. மெதுவா தட்டு. ஒடச்சிக்கினு உள்ள வுழுந்துடப் போற."

சாமைத் தாள் போருக்கு அடியில் கடப்பாறை சிமெண்டில் பட்டது. தாளைத் தள்ளினார்கள். சதுர மூடி, இரண்டு பக்கமும் கம்பி வளையம். சின்னதம்பி முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உயிர் வந்தது. மேலே தட்டிப் பார்த்தார்.

"டம்முனு வரலியே பாய். தொப்புனுதான வருது."

"கழுத்து வரைக்கும் நெறஞ்சி கெடக்குது போல. மொதல்ல பீடிய அண." சின்னதம்பி அணைத்தார். "குனிஞ்சி மூஞ்சிய நீட்டாத. எங்க ஊர்ல ஒருத்தன் எட்டிப் பாத்தான், அடஞ்சி கெடந்த காத்து அடிச்சி அப்படியே சாஞ்சிட்டான். காத்துக்கு முதுக காட்டி நில்லு. ஒரு வெரல் அளவு நெம்பி வுட்டுட்டு தள்ளிப் போய்டு. கொஞ்ச நேரம் ஆறட்டும்."

அப்படியே செய்தார். அடப்பு குத்த மூங்கில் பிளாச்சைச் சீவிக்கொண்டே இரண்டு பேரும் தள்ளி நின்றார்கள்.

"மாமா, ஆப்டுச்சா?" உள்ளேயிருந்து செல்லி.

"ஆப்டுச்சி செல்லி. உங்கண்ணன் வெறும் ஜீப்பதான் ஓட்டிக்கினு போகணும்."

பாஷா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டார். பிறகு துண்டை இறக்கி மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. "சரி, தள்ளு," என்றார்.

சின்னதம்பி வளையத்தில் கடப்பாறையைக் கொடுத்து மூடியைப் புரட்டினார்.

கீழே செம்மண். மேலே கொஞ்சம் வேர். வாயும் இல்லை, குழாயும் இல்லை. கடப்பாறையால் குத்தினார். பாறையில் பட்டுத் தெறித்தது. கக்கூசுச் சுவர் வரைக்கும் குத்திக்கொண்டே போனார். சுவரைத் தாண்டி ஒரு முழம் குழாய் நீட்டியிருந்தது. அதன் முனை நேராகப் பாறையில் முட்டிக்கொண்டு நின்றது.

பாஷா மூங்கில் பிளாச்சைக் கீழே போட்டார்.

"மாமா, இன்னா ஆச்சி? உமி எதனா இருந்துச்சா?"

"உம்மேல தப்பு இல்ல செல்லி. மூடி மட்டும்தான் வெச்சிருக்காங்க. கீழ தொட்டியே கட்டல."



"அப்ப எம்பொடவ எல்லாத்தயும் எடுத்துக்கட்டுமா மாமா, இல்ல பாதிய இங்கயே வெக்கட்டுமா?"

சின்னதம்பி மூடியைப் புரட்டி மறுபடி மண்மேலேயே போட்டார். தொகுப்பு வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மூடியைத் திறந்து பார்த்திருந்தால், கீழே என்ன இருந்தது என்று அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.